செல்லுக்குப் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்?

போன மாதம் ஒரு சாயங்காலம் முக்கூடலில் சின்னம்மை வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து வீட்டுப் பெண்ணும் அவர் மகளும் அங்கேதான் இருந்தார்கள். அம்மா மடியில் பீடி சுற்றும் சுளகு. நனைத்த இலையைத் தகரத்தை வைத்து வெட்டி, தூளை வைத்து, சுருட்டி, நூலைச் சுற்றி, முனையை மடக்கி, கண் பார்க்காமலே விரல்கள் ஓடிக்கொண்டிருந்தன. மகள் எட்டாம் வகுப்பு. அம்மாவின் செல் அவள் கையில். அறிவியல் வீட்டுப்பாடத்தில் ஆவியாதலைப் பற்றி ஒரு கேள்வி. மைக் படத்தை அழுத்தி வாயாலேயே கேட்டாள். நாலைந்து வரியில் பதில் வந்தது. அதை அப்படியே நோட்டில் எழுதத் தொடங்கினாள்.

"என்னளா சொல்லுது அது?" என்றார் அம்மா, தலையை நிமிர்த்தாமல்.

"பரப்பு கூடுனா ஆவியாகிற வேகமும் கூடுமாம்."

"பரப்புன்னா?"

பிள்ளை கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னாள். "துணியை விரிச்சுப் போட்டா சீக்கிரம் காயும்லா, மடிச்சுப் போட்டா காயாது. அதும்மா."

"அதுக்குத்தான் நனைச்ச இலையைக் கட்டா அடுக்கி ஈரச்சாக்குல சுத்தி வைக்கோமா?"

மகள் திரும்பி மூலையில் இருந்த சாக்கைப் பார்த்தாள். நோட்டில் எழுதியிருந்த இரண்டு வரியையும் அடித்துவிட்டு, வேறு மாதிரி எழுதினாள். அதில் துணி வந்தது, பீடி இலையும் வந்தது.

அந்த அம்மா மூன்றாம் வகுப்போடு நின்றவர். 'நமக்கு என்ன தெரியும், பிள்ளைக்கு நாம எங்க சொல்லிக்கொடுக்க' என்று அவரே பல தடவை சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆனால் அன்றைக்கு அந்தப் பாடம் பிள்ளையின் தலைக்குள் போனது அவர் கேட்ட இரண்டு கேள்விகளால்தான். செல் இல்லாவிட்டால் பதில் கிடைத்திருக்காது என்பதும் உண்மை. பதில் கிடைப்பதற்கும் பாடம் புரிவதற்கும் நடுவில் ஓர் இடைவெளி இருக்கிறது. அதை நிரப்ப பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும். பள்ளிக்கூடமும் குடும்பமும் பிள்ளைகளுக்கு இன்றைக்குச் செய்யக்கூடிய உதவியை நான் இந்த இடத்திலிருந்துதான் பார்க்கிறேன்.

திருநெல்வேலிச் சீமைக்கு இது புதுக்கதை இல்லை. எழுதும் கருவி இங்கே பல தடவை மாறியிருக்கிறது. பனை நம் பக்கத்து மரம். ஓலையும் எழுத்தாணியும் இருந்த காலத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு ஓலையைக் கொடுக்கமாட்டார்கள். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலைப் பரப்பி அதில்தான் விரலால் 'அ' போட்டுப் பழக வேண்டும். வாத்தியார் ஒருவர், பிள்ளைகள் நிறைய. அதனால் விவரம் தெரிந்த மூத்த மாணவன் ஒருவன் சின்னவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பான். அவனுக்குச் சட்டாம்பிள்ளை என்று பேர். 1789-இல் சென்னையில் ஆண் அநாதைப் பிள்ளைகள் விடுதியின் பொறுப்புக்கு வந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், நம் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். மணல், மாணவனுக்கு மாணவன் சொல்லிக்கொடுப்பது ஆகிய இரண்டையும் தன் விடுதியில் நடத்திப் பார்த்து, 1797-இல் இங்கிலாந்தில் புத்தகமாகப் போட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரில் அது அங்கே பள்ளிப் பள்ளியாகப் பரவியது. காசில்லாத ஊரில் காசில்லாமல் படிக்கக் கண்டுபிடித்த வழி அது. மணல் போய்ச் சிலேட்டு வந்தது, சிலேட்டு போய் நோட்டு வந்தது. சட்டாம்பிள்ளை மட்டும் பேர் மாறி மாறி இருந்துகொண்டேதான் இருந்தான். அடுத்தவனுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது சொல்கிறவனுக்கும் பாடம் ஒரு தடவை கூடப் பதிகிறது. அவன் நிலைத்ததற்கு அதுதான் காரணம்.

1820-இல் ரேனியஸ் என்ற பாதிரியார் பாளையங்கோட்டைக்கு வந்து கிராமம் கிராமமாகப் பள்ளிகள் தொடங்கியது, அப்புறம் 1895-இல் பெண்களுக்கென்று சாராள் தக்கர் கல்லூரி, 1923-இல் தூய சவேரியார் கல்லூரி என்று வளர்ந்தது, 'தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு' என்று பேர் வாங்கியது எல்லாம் நம் ஊர்க்காரர்கள் மனப்பாடமாகச் சொல்லும் பெருமை. அதை விரித்துச் சொல்லப் போவதில்லை. அந்தப் பெருமைக்குள் அதிகம் பேசப்படாத ஒரு பள்ளி இருக்கிறது. அதற்குப் பின்னால் வருகிறேன்.

என் தலைமுறைக்கு வந்த கருவி டைப்ரைட்டர். பத்தாவது பரீட்சை முடிந்த மறுநாளே பாளையங்கோட்டையில் ஒரு இன்ஸ்டிட்யூட்டில் சேர்த்துவிட்டார்கள். வீட்டில் யாருக்கும் அந்த மெஷினைத் தொட்டுப் பழக்கம் இல்லை. ஆனாலும் 'கைவேலை ஒண்ணு தெரிஞ்சா கவர்மென்ட் வேலைக்கு ஆகும்' என்ற கணக்கு அப்பாவுக்குத் தெரியும். லோயர் என்றால் நிமிடத்துக்கு 30 வார்த்தை, ஹையர் என்றால் 45. முதல் வாரம் முழுக்க 'ஏ எஸ் டி எஃப்' மட்டும்தான். விரலைப் பார்த்து அடித்தால் பக்கத்து மெஷினில் ஹையர் பழகும் அக்கா ஒரு பேப்பரை எடுத்து என் கைமேல் மூடிவிடுவார். அக்காவுக்கு யாரும் சம்பளம் கொடுக்கவில்லை. இன்ஸ்டிட்யூட் சார்வாள் இருபது மெஷினையும் தனியாகப் பார்க்க முடியாது, அதனால் மூத்தவர்கள் புதியவர்களைப் பார்த்துக்கொள்வார்கள். சட்டாம்பிள்ளையேதான்.

அந்த மெஷின் இன்றைக்கு எங்கே? குரூப் 4 தட்டச்சர் வேலைக்கு அந்தச் சான்றிதழுக்கு இன்னும் மதிப்பு இருக்கிறது. மற்றபடி மெஷின் போய்விட்டது. 1870-களில் அமெரிக்காவில் அமைத்த ஆங்கில எழுத்து வரிசை மட்டும் செல்போன் திரைவரை அப்படியே வந்து உட்கார்ந்திருக்கிறது. தமிழ் லோயர் படித்தவர்கள் கதை வேறு. 1999-இல் அரசு தமிழ்99 என்ற விசைப்பலகையைக் கொண்டுவந்தது, அதில் எழுத்துகள் இருக்கும் இடமே வேறு. இன்றைக்குப் பிள்ளைகள் 'அம்மா' என்று அடிக்க ஆங்கில எழுத்தில் தட்டுகிறார்கள், செல் அதைத் தமிழாக்கித் தருகிறது. இரண்டில் எது நிலைக்கும் என்று அன்றைக்குச் சொல்ல யாராலும் முடிந்திருக்காது. 'எந்தக் கோர்ஸ் படிக்கலாம், எதுக்கு அண்ணாச்சி ஸ்கோப் இருக்கு?' என்று இன்றைக்கு என்னிடம் கேட்கிற பெற்றோருக்கும் இதைத்தான் சொல்கிறேன். கங்கைகொண்டான் சிப்காட்டில் டாடா நிறுவனத்தின் சூரியமின் தகடு ஆலை வந்திருக்கிறது, அங்கே வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பத்து வருடத்துக்கு முன்னால் இந்தப் பக்கத்துப் பெண்பிள்ளைக்கு அப்படி ஒரு வேலை உண்டென்று எந்தச் சார்வாளும் சொல்லியிருக்க முடியாது. தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறையில் ஸோஹோ நிறுவனம் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகளை எடுத்துத் தானே பயிற்சி கொடுத்து வேலைக்கு வைத்துக்கொள்ளும் என்றும் யாரும் நினைத்ததில்லை. கோர்ஸ் பெயர் மாறும். புதிதாக ஒன்றைக் கையில் கொடுத்தால் பயப்படாமல் உட்கார்ந்து பழகுகிற குணம்தான் அந்தப் பிள்ளைகள் எல்லாருக்கும் பொது. அது பத்து வயதிலேயே வீட்டிலும் வகுப்பிலும் தொடங்க வேண்டியது.

ஆள் இல்லாமல் கருவி மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்பதை நாம் ஏற்கெனவே ஒரு தடவை பார்த்துவிட்டோம். 2020 மார்ச்சில் பூட்டிய பள்ளிக்கூடம் தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான் திறந்தது. கிட்டத்தட்ட பத்தொன்பது மாதம். அரசு சும்மா இருந்துவிடவில்லை. 2019-இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி பாடங்களை ஒளிபரப்பியது. புதிய பாடப்புத்தகங்களில் க்யூஆர் கோடு இருந்தது, ஸ்கேன் செய்தால் வீடியோ வரும். தனியார் பள்ளிகள் செல்லில் வகுப்பு நடத்தின. ஆனால் வீட்டில் இருப்பது ஒரு செல். அது காலையில் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். திரும்பி வரும்போது சார்ஜ் இருக்காது, அன்றைய டேட்டா தீர்ந்திருக்கும். மூன்று பிள்ளைகள் இருந்தால் யாருக்கு முதலில் என்ற சண்டை வேறு. மலைமேல் இருக்கும் குடியிருப்புகளில் டவர் கிடைக்கும் பாறையைத் தேடி ஏற வேண்டும். பள்ளி திறந்தபோது மூன்றாம் வகுப்பில் வந்து உட்கார்ந்த பிள்ளை, அதற்குமுன் பள்ளிக்கூடத்தில் கடைசியாக உட்கார்ந்திருந்தது ஒன்றாம் வகுப்பில். எனக்குத் தெரிந்த ஒரு டீச்சர் அந்த நவம்பரில் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "பேர் எழுதச் சொன்னா அழுதுட்டு சார். வீடியோ எல்லாம் பாத்திருக்கு, பாட்டு எல்லாம் பாடுது. கைக்குத்தான் எழுத்து மறந்துபோச்சு."

அதற்கு மருந்தாக வந்த இல்லம் தேடிக் கல்வியை நான் முக்கியமாக நினைப்பதற்குக் காரணம் அதன் எளிமை. 2021 அக்டோபரில் தொடங்கினார்கள். தெருவில் படித்த பெண்கள் யாராவது தன்னார்வலராகப் பதிவு செய்துகொண்டு, சாயங்காலம் ஒன்று ஒன்றரை மணி நேரம், வீட்டுத் திண்ணையிலோ கோவில் வளாகத்திலோ சர்ச் முற்றத்திலோ பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும். மாதம் ஆயிரம் ரூபாய். பி.எட். படித்துவிட்டு வேலை கிடைக்காமல் வீட்டில் இருந்த மருமகள்கள், கல்லூரி முடித்த அக்காக்கள் என்று பலர் வந்தார்கள். அவர்களிடம் செல் இருந்தது, அதில் ஆப் இருந்தது, வருகைப்பதிவும் அதில்தான். ஆனால் பிள்ளைகள் செல்லுக்காக வரவில்லை, அக்காவுக்காக வந்தார்கள். அடுத்த ஆண்டு ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்கு 'எண்ணும் எழுத்தும்' என்ற திட்டம் வந்தது. வயதைப் பார்க்காமல், பிள்ளை எந்த நிலையில் வாசிக்கிறதோ அங்கிருந்து தொடங்குவது அதன் அடிப்படை. நல்ல வாத்தியார்கள் எப்போதும் செய்துவந்ததுதான், ஆனால் எல்லாரும் செய்யவேண்டியதாக அதை எழுதிவைத்தது நல்ல காரியம்.

சரி, இப்போது எழுத்துக்கு வருகிறேன். என் மனதில் அதிகமாகக் கிடப்பது இதுதான்.

முக்கூடல் பிள்ளை கேள்வியைத் தட்டவில்லை, மைக்கை அழுத்திப் பேசினாள். இது சின்ன மாற்றமாகத் தெரிகிறது. எழுதத் தெரியாத ஆச்சிகூட இன்றைக்கு 'சுண்டைக்காய் வத்தல் போடுவது எப்படி' என்று செல்லிடம் கேட்டுவிடலாம். பெரிய விடுதலை அது, நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் ஆறு ஏழு வயதுப் பிள்ளை எழுத்தைப் பழகும் முன்பே மைக்கைப் பழகிவிடுகிறது. 'ர'வும் 'ற'வும், 'ந'வும் 'ன'வும் காதுக்கு ஏறக்குறைய ஒன்று. வாயால் சொன்னால் செல் சரியான எழுத்தைத் தானே போட்டுக்கொள்ளும். அப்போது 'கறி'க்கும் 'கரி'க்கும் உள்ள வித்தியாசத்தைப் பிள்ளை கையாலும் கண்ணாலும் சந்திப்பதே இல்லை. வகுப்பில் நோட்டைத் திறந்தால்தான் தெரிகிறது.

இதைப் பாளையங்கோட்டையில் வேறு ஒரு கூட்டம் நமக்கு முன்பே சந்தித்துவிட்டது. முன்னால் சொன்ன, அதிகம் பேசப்படாத பள்ளி இதுதான். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆஸ்க்வித் என்ற அம்மையார் இங்கே பார்வையற்ற பிள்ளைகளுக்கு வகுப்பு தொடங்கினார். அதே காலத்தில் ஃபுளோரன்ஸ் சுவைன்சன் காது கேளாத பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். இரண்டும் இன்றைக்கும் நடக்கின்றன. பார்வையற்றோர் பள்ளிப் பிள்ளைகளின் எழுத்து பிரெய்ல், தாளில் குத்திய ஆறு புள்ளிகளின் சேர்க்கை. இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாக பாரதி பிரெய்ல் 1951-இல் வந்தது. அதில் 'ர'வுக்கு ஒரு சேர்க்கை, 'ற'வுக்கு வேறு சேர்க்கை. 'ல', 'ள', 'ழ' மூன்றுக்கும் மூன்று. விரலால் தடவிப் படிக்கிற பிள்ளைக்கு எழுத்து தப்பாது.

அப்புறம் கேசட் வந்தது, கம்ப்யூட்டர் வந்தது. 2006-இல் பார்வையற்ற இரண்டு ஆஸ்திரேலிய இளைஞர்கள் என்விடிஏ என்ற திரைவாசிப்பு மென்பொருளை உருவாக்கி இலவசமாகவே விட்டார்கள். திரையில் இருப்பதை அது வாசித்துக் காட்டும். இப்போது எந்தச் செல்லிலும் அந்த வசதி உள்ளேயே இருக்கிறது. கனமான பிரெய்ல் புத்தகங்களைச் சுமந்த பிள்ளைகளுக்கு இது எவ்வளவு பெரிய வாசல் என்று சொல்ல வேண்டியதில்லை. கல்லூரிக்கும் வங்கி வேலைக்கும் போட்டித் தேர்வுக்கும் அதன் வழியாகத்தான் நிறையப் பேர் போகிறார்கள். ஆனால் காதால் மட்டுமே படித்து வளர்ந்தால் எழுத்துப்பிழை கூடுகிறது என்ற கவலை பார்வையற்றோருக்குச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களிடம் ரொம்ப நாளாக உண்டு. அதனால் முதலில் விரலுக்குப் புள்ளி, அப்புறம் காதுக்குக் குரல் என்று வரிசை வைத்துச் சொல்லிக்கொடுப்பார்கள். வசதியைத் தடுப்பதற்காக அல்ல, வசதி வரும்போது அதைச் சரிபார்க்கும் கையைப் பிள்ளைக்கு முன்கூட்டியே கொடுத்துவிடுவதற்காக.

மற்ற பள்ளிகள் இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். மூன்றாம் வகுப்பு வரை கை எழுத்து, மணலானாலும் சரி, சிலேட்டானாலும் சரி. அதற்குமேல் மைக்கில் பேசிச் செல் எழுதித் தந்ததைப் பிள்ளையே சத்தம்போட்டு வாசித்து, தப்பு இருந்தால் கண்டுபிடிக்கட்டும். வீட்டில் இதைச் செய்யப் படித்த ஆள் தேவையில்லை. 'நீ சொன்னது இதுதானா, வாசிச்சுக் காட்டு' என்று ஆச்சி சொன்னால் போதும்.

செயற்கை நுண்ணறிவு என்று இப்போது எல்லாரும் பேசுகிற உரையாடல் செயலிகளுக்கும் இதே விதிதான், இன்னும் அழுத்தமாக. இந்தச் செயலிகள் கோடிக்கணக்கான பக்கங்களைப் பார்த்து, ஒரு சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரும் என்று கணித்துப் பழகியவை. எந்த ஊரைப் பற்றி, எந்த மொழியில் அதிகம் எழுதப்பட்டிருக்கிறதோ அங்கே பதில் நன்றாக வரும். ஆங்கிலத்தோடு ஒப்பிட்டால் இணையத்தில் தமிழ் குறைவு. அதிலும் ஒரு சின்ன ஊரைப் பற்றி எழுதப்பட்டது இன்னும் குறைவு. இருந்தாலும் 'தெரியாது' என்று சொல்லப் பெரும்பாலும் அவை முன்வருவதில்லை, நிச்சயமாகத் தெரிந்ததைப் போலவே பதில் சொல்லும்.

நான் ஒரு விடுமுறை நாளில் ஆறேழு பிள்ளைகளை உட்காரவைத்து, அவரவர் ஊரைப் பற்றி ஒரு செயலியிடம் கேட்கச் சொன்னேன். விக்கிரமசிங்கபுரத்துப் பெண் பாபநாசத்தைப் பற்றிக் கேட்டாள். அருவி, அணை எல்லாம் சரியாகச் சொல்லிவிட்டு, அங்கே 108 சிவலிங்கம் உள்ள கோவிலும் இருக்கிறது என்று சேர்த்துவிட்டது. அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "எங்க ஊர்ல 108 லிங்கம் எங்க இருக்கு? நான் பாத்ததே இல்லையே!" 108 சிவாலயம் தஞ்சாவூர் மாவட்டத்துப் பாபநாசத்தில் இருப்பது. பெயர் ஒன்று, ஊர் இரண்டு. தாமிரபரணி என்று கேட்ட பையனுக்கும் குழப்பம் வந்தது, கன்னியாகுமரி மாவட்டத்துக் குழித்துறையாற்றுக்கும் தாமிரபரணி என்றே பெயர் உண்டு. இன்னொருவனுக்குத் தென்காசி இன்னும் திருநெல்வேலி மாவட்டத்திலேயே இருந்தது. 2019 நவம்பரில் தனி மாவட்டமானது, பழைய பக்கங்களில் அது மாறவில்லை.

ஒரு மணி நேரத்தில் அந்தப் பிள்ளைகளுக்கு மூன்று விஷயம் விளங்கிவிட்டது. தெளிவாகச் சொல்வதால் மட்டும் ஒன்று உண்மையாகிவிடாது. கேள்வியில் மாவட்டத்தின் பேரைச் சேர்த்தால் பதில் திருந்துகிறது. எல்லாவற்றையும்விட, அந்த மெஷினுக்குத் தெரியாத ஏதோ ஒன்று தனக்குத் தெரியும். அந்தக் கடைசி விஷயத்துக்காகத்தான் நான் இதைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்கிறேன். கிராமத்துப் பிள்ளைக்குத் தன் ஊர் அறிவு ஒரு பொருட்டே இல்லை என்ற நினைப்பு சின்ன வயதிலேயே ஏறிவிடுகிறது. தன் ஊரை வைத்தே ஒரு பெரிய மெஷினைத் திருத்த முடிகிறது என்று பார்க்கும்போது முகம் மாறுகிறது. ஆசிரியர்கள் இதைச் சமூக அறிவியல் வகுப்பில் செய்யலாம். ஹைடெக் லேப் இருக்கும் பள்ளியில் கம்ப்யூட்டரில், இல்லாத பள்ளியில் சார்வாளின் ஒரு செல்லை வைத்து.

வீட்டுக்குள் செல் நுழைந்த இன்னொரு வழியை யாரும் கல்வி என்று எண்ணுவதில்லை. அது விண்ணப்பம். எங்கள் காலத்தில் பொறியியல் கவுன்சலிங் என்றால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறி, விடியற்காலையில் சென்னையில் இறங்கி, கிண்டிக்குப் போக வேண்டும். அப்பா, மாமா, துணைக்கு ஒரு பெரியப்பா, பையில் புளியோதரை. 2018-இல் அது ஆன்லைனுக்கு மாறியது. இப்போது வீட்டிலிருந்தோ உதவி மையத்திலிருந்தோ கல்லூரிகளை வரிசைப்படுத்திக் கொடுக்கிறார்கள். முதல் பட்டதாரிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கான மத்திய அரசின் உதவித்தொகை, அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம், எல்லாமே ஆதார், வங்கிக் கணக்கு, ஓடிபி வழியாகத்தான். பல வீடுகளில் கம்ப்யூட்டர் சென்டரில் பணம் கொடுத்து ஒருவரை அடிக்கச் சொல்லிவிட்டு, ஓடிபி எண்ணையும் அவரிடமே சொல்லிவிட்டு வருகிறார்கள். தப்பான வங்கி எண்ணோ தப்பான இனிஷியலோ ஏறிவிட்டால் வருடம் முழுக்க அலைச்சல். எங்கள் உறவில் ஒரு பிள்ளைக்கு சென்டரில் பெயரில் ஓர் எழுத்தைத் தப்பாக அடித்து, உதவித்தொகை ஒரு வருடம் வராமலே போய்விட்டது.

ஒன்பதாம் வகுப்பிலேயே ஒரு மாதிரி விண்ணப்பத்தை வகுப்பில் வைத்து நிரப்பப் பழக்கினால் என்ன? எந்த எண்ணைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது, சான்றிதழை டிஜிலாக்கரில் எப்படி வைப்பது என்று. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பேய்மழையில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் கிட்டத்தட்ட 95 சென்டிமீட்டர், தாமிரபரணி வீட்டுக்குள் புகுந்தபோது எத்தனை பேருடைய டிரங்குப் பெட்டியில் மார்க்‌ஷீட் கூழாகிப் போனது! ஒரு பிரதி செல்லில் இருந்தவர்களுக்கு அலைச்சல் பாதியாகக் குறைந்தது. இந்தப் பழக்கத்தைப் பிள்ளை வீட்டுக்குக் கொண்டுபோனால் அம்மாவும் அப்பாவும் அதிலிருந்து கற்றுக்கொள்வார்கள். பாடம் எப்போதும் மேலிருந்து கீழேதான் வரவேண்டும் என்பதில்லை.

இன்னொன்றைச் சொல்லாமல் இந்தப் பக்கத்துப் பிள்ளைகளையும் செல்லையும் பற்றி எழுதினால் அது பொய்யாகிவிடும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியலினத்தைச் சேர்ந்த பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவனையும், தடுக்க வந்த அவன் தங்கையையும் கூடப் படித்த பிள்ளைகளே வீடு புகுந்து வெட்டினார்கள். அரசு நீதிபதி சந்துரு தலைமையில் ஒரு நபர் குழு அமைத்தது. 2024 ஜூனில் வந்த அதன் அறிக்கை, சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைப் பள்ளிக்குள் தடுக்கச் சொன்னது. கயிறை வாசலில் நின்று அவிழ்க்கச் சொல்லிவிடலாம். ஆனால் அதே கயிறு இப்போது ஸ்டேட்டஸில் இருக்கிறது, இன்ஸ்டா ரீல்ஸில் அரிவாளோடும் பாட்டோடும் இருக்கிறது. ஒரு தடவை நின்று பார்த்த பிள்ளைக்கு அந்தச் செயலி அதே மாதிரி இன்னும் பத்தைக் கொண்டுவந்து போடும். அவன் சாதியை நினைத்து அல்ல, அவன் கண் எதில் நின்றது என்ற கணக்கை வைத்து. பதினாலு வயதுப் பையன் 'ஊரே இப்படித்தான் நினைக்கிறது' என்று நம்பிவிடுகிறான்.

செல்லைப் பிடுங்கி வைப்பதால் இது தீராது, நண்பன் செல்லில் பார்ப்பான். உனக்கு ஏன் இது வந்தது, உன் பக்கத்து பெஞ்சுக்காரனுக்கு ஏன் வேறு வந்தது என்று இரண்டு செல்லையும் பக்கத்தில் வைத்து வகுப்பில் காட்டினால் பிள்ளைகளுக்குப் புரிகிறது. அதைக் காட்டும் துணிச்சல் ஆசிரியருக்கு வேண்டும், அவருக்குத் துணையாகத் தலைமையாசிரியரும் பள்ளி மேலாண்மைக் குழுவும் நிற்க வேண்டும். வீட்டில் அப்பாவே அந்த ஸ்டேட்டஸை வைத்திருந்தால்? அங்கேதான் எனக்கு வார்த்தை தடுமாறுகிறது. அந்த அப்பாவிடம் பேச ஒரு சார்வாளால் முடியாது. அவர் மதிக்கும் ஊர்ப் பெரியவர்தான் பேச வேண்டும். சில ஊர்களில் அப்படிப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள்.

பிள்ளைகளைத் திரையிலிருந்து எழுப்ப வேண்டுமென்றால் எழுந்து போக ஓர் இடமும் வேண்டும். கொக்கிரகுளத்தில் ஆற்றங்கரையில் மாவட்ட அறிவியல் மையம் 1987-லிருந்து இருக்கிறது. பொத்தானை அழுத்தி, சக்கரத்தைச் சுற்றி, கண்ணாடியில் தன் முகம் நீண்டு போவதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். பள்ளிகள் வருடத்துக்கு ஒருமுறை கூட்டிப்போகின்றன. குடும்பமாக ஒரு ஞாயிற்றுக்கிழமை போனால் பிள்ளையோடு அப்பாவும் சக்கரத்தைச் சுற்றுவார்.

முக்கூடலில் அன்றைக்கு இருட்டும் நேரத்தில் அந்த அம்மாவின் செல்லில் 'டிங்' என்று ஒரு மெசேஜ் வந்தது. பி.எஃப். கணக்கிலிருந்து, ஆங்கிலத்தில். மகள் படித்துவிட்டு, "பணம் ஏறியிருக்கும்மா" என்று சொல்லிச் செல்லைக் கீழே வைக்கப் போனாள்.

"இங்க கொண்டா" என்றார் அம்மா. சுளகை இறக்கி வைத்துவிட்டு, தூள் ஒட்டிய விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டார். "இதுல எது என் நம்பரு, எது ரூவா? நீயே படிச்சுட்டா எனக்கு எப்பத் தெரியும்?"

மகள் நகர்ந்து வந்து அம்மாவை ஒட்டி உட்கார்ந்தாள். ஒவ்வொரு எண்ணாக விரலை வைத்துக் காட்டினாள்.